ஹால் டிவிக்கு எந்த ஸ்டிக் வாங்கலாம்? முதலில் ரிமோட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். ஹாலில் 2013-ல் வாங்கிய 32 இன்ச் எல்.இ.டி டிவி இருக்கிறது. ஸ்மார்ட் டிவி இல்லை. ஆனால் படம் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. லோக்கல் கேபிள் இணைப்பு உண்டு. மாடி அறையில் 40 எம்.பி.பி.எஸ் ஃபைபர் நெட் இருக்கிறது. மாமியாருக்கு 71 வயது, சாயங்காலம் ஆனால் சீரியல். கணவருக்கு கிரிக்கெட். மகனுக்கு 11, மகளுக்கு 6. இரண்டு பேரும் போனில் குனிந்தபடியே யூடியூப் பார்க்கிறார்கள், அதைப் பெரிய திரைக்கு மாற்ற வேண்டும். துபாயில் இருக்கும் கொழுந்தனார் ஆப்பிள் டிவி வாங்கச் சொல்கிறார். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 2,200 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் காட்டி, "சந்தாவே வேண்டாம், எல்லா ஓ.டி.டி.யும் ஃப்ரீ" என்றார்கள். மகன் 4கே இல்லாமல் வாங்கக் கூடாது என்கிறான். எங்கள் பட்ஜெட் 5,000 ரூபாய். எதை வாங்குவது? அத்தை யார் உதவியும் இல்லாமல் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பதில்:

வணக்கம். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். டிவி மாட்டுவதும் வீட்டுக்குள் நெட் இழுத்துக் கொடுப்பதும்தான் என் தொழில். ஸ்டிக் (டிவியின் பின்னால் செருகினால் நெட்டில் வரும் படங்களைக் காட்டும் குட்டிச் சாதனம்) வாங்கிய வீடுகளிலிருந்து போன் வந்தால், படம் தெளிவாக இல்லை என்ற புகார் அபூர்வம். "டிவியில் ஒன்றுமே வரவில்லை, நோ சிக்னல் என்று நிற்கிறது" என்பதுதான் அதிகம். போய்ப் பார்த்தால் எதுவும் கெட்டிருக்காது. பேரன் ஸ்டிக்கில் கார்ட்டூன் பார்த்துவிட்டு அப்படியே டிவியை அணைத்திருப்பான். பாட்டி வந்து கேபிள் ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார். டிவி இன்னும் ஸ்டிக் செருகிய எச்.டி.எம்.ஐ 2 துளையிலேயே நின்றுகொண்டிருக்கும். அதனால் ஒரு வீட்டுக்கு ஸ்டிக் சொல்லும்போது, ரிமோட்டைத் தொட யார் அதிகம் தயங்குகிறார்களோ அவரை மனதில் வைத்துத்தான் சொல்வேன். உங்கள் வீட்டில் அது உங்கள் அத்தை. மகனுக்கு எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவான்.

மகனுடைய 4கே விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தக் காலத்து 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை எச்.டி ரெடி, திரையில் 1366-க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். 4கே என்பது 3840-க்கு 2160. 4கே ஸ்டிக்கைச் செருகினாலும் உங்கள் டிவி தன்னால் முடிந்ததைத்தான் காட்டும். இரண்டு மூன்று வருடத்தில் பெரிய டிவி வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால்கூட 4கே-க்காக இப்போது கூடுதலாகப் போட வேண்டியதில்லை. இன்று கடைக்கு வரும் 43 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை ஸ்மார்ட் வசதியோடுதான் வருகின்றன. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யும் 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது. நன்றாக ஓடும் டிவியை அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

கொழுந்தனார் சொன்ன ஆப்பிள் டிவி நல்ல பொருள். வேகமானது, ஹோம் ஸ்கிரீனில் விளம்பரத் தொல்லை குறைவு, 2015-ல் வந்த மாடலுக்குக்கூட வருடக்கணக்கில் அப்டேட் கொடுத்தார்கள். ஆனால் விலை பதினைந்தாயிரத்தை ஒட்டி வருகிறது. வீட்டில் எல்லோரும் ஐபோன் வைத்திருந்தால்தான் அந்தப் பணத்துக்கு முழுப் பயன். அதன் ரிமோட்டும் சின்னது, வழுக்கும். நடுவில் இருக்கும் வட்டம் தொட்டாலே நகரும். செட்டிங்ஸில் போய் அதை அமுக்கினால் மட்டும் நகரும்படி மாற்றலாம் என்றாலும், பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கி அதையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கொழுந்தனார் வாங்கிக்கொண்டு வந்து பரிசாகக் கொடுத்தால் பேச்சே வேறு.

இப்போது அந்த 2,200 ரூபாய் பாக்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போலப் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் 8கே, 5ஜி, 8 ஜிபி ரேம் என்று என்னென்னவோ ஒட்டியிருக்கும். உள்ளே ஓடுவது பெரும்பாலும் டிவிக்காகச் செய்த ஆண்ட்ராய்டு இல்லை. போன், டேப்லெட்டுக்கான ஆண்ட்ராய்டைப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். கூகுள் சான்றும் இருக்காது, நெட்ஃப்ளிக்ஸ் சான்றும் இருக்காது. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் மாதிரி ஆப்கள் சாதனத்தின் திருட்டுத் தடுப்புப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எச்.டி தரத்தில் படம் அனுப்பும். கூகுளின் வைட்வைன் பூட்டில் எல்1 என்ற மேல்நிலை இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் மங்கலான படம்தான் வரும். சில ஆப் திறக்கவே திறக்காது. கடைக்காரர் யூடியூபில் ஒரு மீன்தொட்டி வீடியோவை ஓட்டிக் காட்டி, "எப்படிப் பளிச்சென்று இருக்கிறது பாருங்கள்" என்பார். யூடியூபுக்கு அந்தப் பூட்டு பெரிதாகத் தேவைப்படாது. அதனால்தான் அதைக் காட்டுகிறார்.

படம் மங்கல் என்பதுகூடப் போகட்டும். இப்படிப்பட்ட சான்றில்லாத பாக்ஸ்களில் சில, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே வைரஸோடு வருகின்றன. டி95 (T95) என்ற பெயரில் விற்ற பாக்ஸில் 2023-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வகை வைரஸ் கூட்டத்துக்கு பேட்பாக்ஸ் என்று பெயர். அதன் அடுத்த பதிப்பைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான சாதனங்களில் அது புகுந்திருப்பதாக அதில் சொன்னது. உங்கள் வீட்டு நெட் வழியாக வேறு யாரோ கள்ளத்தனம் செய்வார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே வைஃபையில்தான் உங்கள் கணவர் பேங்க் வேலையும் பார்க்கிறார். இன்னொன்று, "எல்லா ஓ.டி.டி.யும் ஃப்ரீ" என்றால் திருட்டுத்தனமாக எடுத்துப் போடும் ஆப்கள் என்று அர்த்தம். பாதிப் படத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும், பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கும். வேண்டவே வேண்டாம்.

எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்கு போன் திரையை டிவியில் காட்டும் குட்டி டாங்கிளும் கிடைக்கும். அதுவும் வேண்டாம். கட்டண ஆப்கள் பெரும்பாலும் அதில் கருப்புத் திரையைத்தான் காட்டும். படம் ஓடும்வரை போனும் அதோடு மாட்டிக்கொள்ளும். நடுவில் கால் வந்தால் வீடே பார்க்கும்.

புதிதாக எதையும் வாங்கும் முன் உங்கள் ஃபைபர் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, டிவி பாக்ஸ் தருகிறீர்களா என்று கேளுங்கள். ஜியோ, ஏர்டெல் மாதிரி பெரிய கம்பெனிகள் சில திட்டங்களோடு பாக்ஸும் தருகின்றன. ஒரே ரிமோட்டில் சேனலும் ஆப்பும் வரும் என்பதால் பெரியவர்களுக்கு அது வசதிதான். ஆனால் பாக்ஸ் அவர்களுடையது. கனெக்‌ஷனை மாற்றினால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் பழக வேண்டும். உங்களுடையது லோக்கல் ஆபரேட்டரின் நெட் என்றால் இந்தப் பேச்சே இருக்காது, நேராக ஸ்டிக்குக்கு வந்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக், அதிலும் சாதாரண எச்.டி மாடல். இதைவிட நல்ல சாதனம் இல்லை என்பதற்காக இல்லை. அதன் ரிமோட்டுக்காக. பேட்டரி இரண்டு, மெல்லிய ட்ரிபிள் ஏ. ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசும்; கூடவே உங்கள் பழைய டிவியின் பவரையும் வால்யூமையும் இன்ஃப்ராரெட் மூலம் கட்டுப்படுத்தும். அதாவது சீரியல் பார்க்க உட்கார்ந்தால், சத்தத்தைக் குறைக்க டிவி ரிமோட்டைத் தேட வேண்டாம். பழைய டிவிக்கு இது ரொம்ப முக்கியம். சில கம்பெனி ஸ்டிக்குகளின் ரிமோட்டில் வால்யூம் பட்டன் இருக்கும். ஆனால் அது ஸ்டிக்கின் சத்தத்தை மட்டும்தான் மாற்றும், டிவியை அணைக்க முடியாது. எந்த பிராண்டைப் பார்த்தாலும் கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்த ரிமோட் என் பழைய டிவியின் பவரையும் வால்யூமையும் இயக்குமா?" பழைய ஸ்டாக்கிலோ செகண்ட் ஹேண்டிலோ ஃபயர் ஸ்டிக் லைட் என்று ஒன்று கிடைக்கும், அதை எடுக்காதீர்கள். அதன் ரிமோட்டில் பவர், வால்யூம் பட்டன்களே கிடையாது.

ஃபயர் ஸ்டிக்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவுடன் பாதி ஸ்கிரீன் பிரைம் வீடியோ படங்களும் விளம்பரமும்தான். எட்டு ஜிபி இடம்தான் என்பதால் மகன் பார்க்கிற கேமையெல்லாம் ஏற்றினால் மூச்சு வாங்கும். கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் சாதனங்களில் இந்த இரைச்சலைக் குறைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: கூகுள் டிவி என்று போட்டிருக்கும் பாக்ஸ்களில் கணக்கு செட்டிங்ஸுக்குள் 'ஆப்ஸ் ஒன்லி மோட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் சிபாரிசுகள் ஒதுங்கி ஆப் ஐகான்கள் முன்னே வரும். குழந்தைகளுக்குத் தனி புரொஃபைல் வைத்து, ஒரு நாளைக்கு இத்தனை நேரம், இத்தனை மணிக்குப் படுக்கை என்று பூட்டும் போடலாம். டிவியின் பவரையும் வால்யூமையும் இயக்கும் ரிமோட்டோடு அப்படி ஒரு பாக்ஸ் உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். ஷாவ்மி பாக்ஸ்களும் ஸ்டிக்குகளும் இங்கே சகஜமாகக் கிடைக்கின்றன. கூகுளே விற்ற குரோம்காஸ்ட் என்ற டிவி சாதனத்தை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். மிச்ச ஸ்டாக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், புதிதாக வாங்க வேண்டாம் என்பேன். 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டன. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. கூகுள் சில நாளில் சரிசெய்தது. இப்படிப்பட்ட பொருளுக்குக் கம்பெனி பின்னால் நின்றால்தான் ஆயுள்.

வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ துளை எத்தனை, அதில் எது காலி? கேபிள் பாக்ஸ் எதில் செருகியிருக்கிறது? ஒரே ஒரு துளைதான், அதிலும் கேபிள் பாக்ஸ் என்றால், கேபிள் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாற்றிவிட்டு அந்தத் துளையை ஸ்டிக்குக்குக் கொடுக்கலாம். கொஞ்சம் தெளிவு குறையும், அத்தைக்குத் தெரியாது. அடிக்கடி ஒயரைப் பிடுங்கிச் செருகும் ஏற்பாடு மட்டும் வேண்டாம், துளை லூசாகிவிடும்.

டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் ஸ்டிக் நேராக நுழையாது. பெட்டிக்குள் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிவியின் உலோக முதுகிலிருந்து ஸ்டிக் கொஞ்சம் தள்ளி இருந்தால் வைஃபையும் நன்றாகப் பிடிக்கும். மின்சாரத்துக்குக் கூடவே வரும் அடாப்டரைத்தான் போட வேண்டும். டிவியின் யூ.எஸ்.பி.யிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பழைய டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

நம் வீடுகளில் தூங்கப் போகும் முன் ஹாலில் எல்லா சுவிட்சையும் அணைப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஸ்டிக் ராத்திரியில் சும்மா இருக்கும்போதுதான் அப்டேட் இறக்கிக்கொள்ளும். தினமும் அணைத்தால், சீரியல் முக்கியமான இடத்தில் நிற்கும்போது "அப்டேட் ஆகிறது, காத்திருங்கள்" என்று வந்து நிற்கும். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரியாவது ஸ்டிக்கின் சுவிட்சை விட்டுவையுங்கள். இடி மின்னல் அடிக்கும் நாளில் மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

ரவுட்டர் மாடியில் இருக்கிறது என்கிறீர்கள். 40 எம்.பி.பி.எஸ் உங்களுக்கு ஏராளம். நெட்ஃப்ளிக்ஸ் முழு எச்.டி.க்குக் கேட்பது 5 எம்.பி.பி.எஸ்தான், 4கே-க்கே 15 போதும். ஆனால் அந்த வேகம் கான்கிரீட் தளத்தைத் தாண்டி டிவிக்கு வந்து சேர வேண்டுமே. ஸ்டிக் வாங்கும் முன், டிவி இருக்கும் இடத்தில் நின்று போனில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். சாயங்காலம், எல்லோரும் நெட்டில் இருக்கும் நேரத்தில் போடுங்கள். 10-க்கு மேல் நிலையாக வந்தால் கவலை இல்லை. வராவிட்டால், ரவுட்டரை மாடிப்படி பக்கமாக நகர்த்திப் பாருங்கள். ரவுட்டர் இரண்டு பெயரில் சிக்னல் விட்டால், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது, 2.4 மெதுவானது, தாண்டும். தளத்துக்குக் கீழே இருக்கும் டிவிக்கு 2.4 பெரும்பாலும் சரியாக வரும். அதுவும் சரிப்படவில்லை என்றால் ஆபரேட்டரிடம் சொல்லி ஹால் வரை ஒரு லேன் ஒயர் இழுத்து, இன்னொரு சின்ன ரவுட்டர் வைக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த ஸ்டிக் வாங்குவதைவிட அந்தச் செலவுக்குப் பலன் அதிகம். கரண்ட் போய் வந்தால் ஸ்டிக் எழுந்துவிடும், ரவுட்டர் எழுந்திரிக்க ஓரிரு நிமிடம் ஆகும். அதுவரை "நெட் இல்லை" என்றுதான் காட்டும், பதற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவையுங்கள்.

நெட் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 360 ஜிபி. ஃபைபருக்கு இது தூசு. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் தினசரி 2 ஜிபி, ஒரு படம் இடைவேளை வருவதற்குள் காலி.

சரி, வாங்கியாயிற்று. அன்றைக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மகனிடம் விட்டுவிடாதீர்கள், நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். இதைச் செய்யாத வீட்டில் எந்த ஸ்டிக்கும் எளிமையாக இருக்காது.

முதலில் டிவியின் செட்டிங்ஸில் எச்.டி.எம்.ஐ சி.இ.சி என்ற வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். கம்பெனிக்கு ஒரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அணைத்திருந்தால் போடுங்கள். ஸ்டிக்கிலும் அது போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால், ஸ்டிக் ரிமோட்டில் வீடு படம் போட்ட ஹோம் பட்டனை அமுக்கினாலே டிவி தானாக ஸ்டிக்குக்கு மாறிவிடும். கேபிளுக்குத் திரும்ப மட்டும் டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் தேவைப்படும். அந்த ஒரு பட்டன் மேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுங்கள். "படம் வரவில்லை என்றால் சிவப்பு" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும்.

அடுத்து ஹோம் ஸ்கிரீன். ஃபயர் ஸ்டிக்கில் செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், ஃபீச்சர்டு கன்டென்ட் என்று போனால் மேலே தானாக ஓடும் வீடியோவையும் அதன் சத்தத்தையும் நிறுத்தலாம். வயதானவர்களைக் குழப்புவது பெரும்பாலும் அதுதான். தான் எதையும் அமுக்காமலே ஏதோ சண்டைக் காட்சி ஓடினால் பயந்து ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்புறம் ஆப் வரிசை. ஆப் மேல் நின்று மூன்று கோடு போட்ட பட்டனை அமுக்கினால் நகர்த்தும் வழி வரும். முதலிடத்தில் அத்தைக்கு வேண்டியது, இரண்டாவதாக யூடியூப். சன் டிவி சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் என்றால் ஜீ5. தேவையில்லாத ஆப்பை எல்லாம் பின்னால் தள்ளுங்கள்.

ரிமோட்டின் அடியில் சில ஆப்களுக்கு நேரடி பட்டன்கள் இருக்கும். அத்தையின் கட்டை விரல் முதலில் போவது அங்கேதான். அமுக்கியவுடன் வேறு எங்கோ போய்விடும். "எங்கே போனாலும் ஹோம் பட்டன்" என்பதை மட்டும் பழக்குங்கள். பேக், ஆப்ஷன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மைக் பட்டனை அமுக்கிப் படத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அலெக்ஸாவுக்கு நம் தமிழில் பேச்சு வார்த்தை சரிவராது. படப் பெயர், நடிகர் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி அடிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

கேபிளை இப்போதைக்கு வெட்டாதீர்கள். எட்டு மணி சீரியல் எட்டு மணிக்கு வர வேண்டும் என்பது உங்கள் அத்தையின் நாளோடு சேர்ந்த விஷயம். ஸ்டிக்கில் விட்டுப்போன எபிசோடைப் பார்க்க முடியும் என்பது அவருக்குப் பிடித்துப்போனால், ஆறு மாதம் கழித்து அவரே சொல்வார். செய்திக்கு யூடியூபே போதும். புதிய தலைமுறை, தந்தி டிவி, சன் நியூஸ் எல்லாம் அதில் நேரலையாக, இலவசமாக ஓடுகின்றன. உங்கள் கணவருக்கும் ஒரு காரணத்துக்காகக் கேபிள் வேண்டும். நெட்டில் வரும் கிரிக்கெட் கேபிளைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்திய பிறகுதான் உங்கள் வீட்டில் பவுலர் ஓடத் தொடங்குவார்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் உங்கள் கணவரின் ஜிமெயிலைப் போட்டு உள்ளே போகாதீர்கள். குழந்தைகள் பார்த்த கார்ட்டூன் எல்லாம் அவர் போனில் வரும், அவர் பார்த்த அரசியல் சண்டை எல்லாம் டிவியில் குழந்தைகள் முன்னால் வரும். ஹாலுக்கென்று ஒரு தனி ஜிமெயில் தொடங்குங்கள். டிவிக்குத் தனியாக இருந்த யூடியூப் கிட்ஸ் ஆப்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரண யூடியூபுக்குள்ளேயே கிட்ஸ் புரொஃபைல் போட வேண்டும். வயதுக்கு ஏற்ற நிலை கேட்கும்: மகளுக்கு 5 முதல் 8, மகனுக்கு 9 முதல் 12. மகன் முகம் சுளிப்பான், பரவாயில்லை. ஆனால் ஒன்று, கிட்ஸ் புரொஃபைலிலிருந்து வெளியே வருவது பெரிய வித்தை இல்லை. ஃபயர் ஸ்டிக்கின் பேரன்டல் கன்ட்ரோலில் ஆப் திறக்கவும் பணம் கட்டவும் பின் நம்பர் கேட்கும்படி வைக்கலாம். பணம் கட்டுவதற்கான பின்னை முதல் நாளே போட்டுவிடுங்கள். அமேசானில் வாங்கிய ஸ்டிக் உங்கள் அமேசான் கணக்கோடு சேர்ந்தே வரும் என்பதால், பிரைமில் வாடகைப் படத்தைக் குழந்தை அமுக்கினால் காசு உங்களுடையது. எளிதில் ஊகிக்கக்கூடிய எண்ணை மட்டும் பின்னாக வைக்காதீர்கள். 11 வயதுப் பையன் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பான்.

கட்டண ஓ.டி.டி.களில் படத்தின் தொடக்கத்தில் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வரும். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி அந்த வயதுக் குறியீட்டைக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே இருப்பவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் கொடுக்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பின் போடலாம். யூடியூபில் ஆளாளுக்குப் போடும் வீடியோக்களுக்கு இந்தக் குறியீடு எதுவும் கிடையாது. பூட்டு எல்லாம் போட்ட பிறகும், டிவி ஹாலில் இருக்கிறது, அத்தை பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. குழந்தைகளின் யூடியூபை போனிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவர நினைத்தீர்களே, அந்த யோசனையிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

சந்தா பற்றி எச்சரிக்கை ஒன்று. உங்கள் கணவரின் போன் ரீசார்ஜில் ஏதாவது ஓ.டி.டி இலவசம் என்று வந்திருக்கும். அவற்றில் பல, போனுக்கு மட்டுமான திட்டங்கள். டிவியில் அதே நம்பரைப் போட்டு உள்ளே போனால், பணம் கட்டு என்று நிற்கும். நெட்ஃப்ளிக்ஸின் மொபைல் திட்டமும் அப்படித்தான், டிவியில் ஓடாது. பிரைமில் 2025 முதல் ஒரு கணக்குக்கு ஐந்து சாதனங்கள், அதில் டிவி இரண்டுதான். கொழுந்தனாரும் சித்தப்பா வீடும் உங்கள் பாஸ்வேர்டில் ஓட்டிக்கொண்டிருந்தால் இடம் இருக்காது. முதல் மாதம் யூடியூபும் ஏற்கெனவே இருக்கும் சந்தா ஒன்றும் போதும். அத்தை எந்த சேனல் சீரியலைத் தேடுகிறார் என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் பணம் கட்டுங்கள்.

ஐயாயிரத்துக்குள் இது முடிந்துவிடும். விழாக்கால விற்பனை பக்கத்தில் இருந்தால் காத்திருங்கள், விலை நன்றாகவே இறங்கும். பில் வாங்கிவையுங்கள், கம்பெனியின் நேரடி விற்பனையாளரா என்று பாருங்கள். ரிமோட்டுக்கு ஒரு ரப்பர் உறையும் வாங்கிவிடுங்கள். அது சோஃபா இடுக்கில் வழுக்கி விழாமல் இருக்க. தொலைந்துபோனால் அதே கம்பெனியின் ஆப் போனிலேயே ரிமோட்டாக வேலை செய்யும், அதனால் அதை உங்கள் போனில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். புது பேட்டரி போட்டும் ரிமோட் பேசவில்லை என்றால், ஹோம் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மறுபடி சேர்ந்துகொள்ளும்.

பின்னால் ஸ்டிக்கை வேறு யாருக்காவது கொடுக்கும்போது, செட்டிங்ஸில் உங்கள் கணக்கை டிரெஜிஸ்டர் செய்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட்டும் போட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் படத்தின் பில் உங்கள் கணக்கில் வரும்.